முதியோர் இல்லத்தில் இருக்கும் முன்னாள் படைவீரருக்கு ஊன ஓய்வூதியம் பழைய பாக்கியோடு கிடைக்குமா?

கேள்வி: பெரியப்பா 1973-ல் பட்டாளத்தில் சேர்ந்து 1997-ல் ஓய்வு பெற்றார். பிரஷருக்காக 30 சதவீத ஊனம் என்று எழுதிவிட்டு, 'பணியால் வந்ததல்ல' என்று ஊனப் பங்கை (ஓய்வூதியத்தோடு ஊனத்துக்காகச் சேர்த்துத் தரும் தொகை) மறுத்துவிட்டார்கள். பக்கவாதம் வந்து இப்போது காட்பாடி பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கை. இத்தனை வருஷப் பாக்கியும் கிடைக்குமா?

பதில்:

கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் 1997-லிருந்து மொத்தமும் வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.

எனக்குக் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கிற ஊர் என்பதால் இந்தப் பேச்சு காதில் விழாத நாள் குறைவு. என் சித்தப்பாவுக்கும் இதே கதைதான், இதே பிரஷர்தான்.

பெரியப்பா இன்று படுக்கையில் இருப்பதும், ஓய்வின்போது மெடிக்கல் போர்டு எழுதிய ஊனமும் வேறு வேறு. நீங்கள் கேட்கப் போவது இரண்டாவதற்கு. உதவியாள் படி என்று ஒன்று உண்டு, அது பணியால் வந்த 100 சதவீத ஊனத்துக்கு, அதுவும் மெடிக்கல் போர்டு பரிந்துரைத்தால்தான். இல்லத்து ரசீதைக் காட்டி வாங்க முடியாது.

உங்களுக்குக் கைகொடுப்பவை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். பட்டாளத்தில் சேரும்போது பதிவாகாத நோய் பின்னால் வந்தால் அது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்றால் அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்றது 2013-ல் தரம்வீர் சிங் வழக்கு. 50 சதவீதத்துக்குக் குறைவான ஊனத்தை 50 சதவீதமாக்கிக் கணக்கிடும் சலுகை, காலம் முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்றது 2014-ல் ராம் அவதார் வழக்கு. ஆக, உங்கள் பெரியப்பாவின் 30 சதவீதம் 50 சதவீதமாகலாம்.

இடிக்கிற இடம் பாக்கிதான். 2008-ல் தர்செம் சிங் வழக்கில், ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் தாமதத்துக்காக மனுவைத் தள்ளக் கூடாது, ஆனால் பாக்கி மனுவுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். முழுப் பாக்கியும் கொடுத்த வழக்குகள் இல்லாமல் இல்லை. அதை நம்பி உட்காரக் கூடாது. மனு ஒரு மாதம் தள்ளினால் பழைய பாக்கியில் ஒரு மாதப் பணம் போச்சு. எல்லாக் காகிதமும் சேரட்டும் என்று காத்திருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும்.

டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), மறுத்த கடிதம் மூன்றும் கையில் இருந்தால் வேலையை ஆரம்பிக்கலாம். ஓய்வின்போது ஊனத்தை எழுதிய ரிலீஸ் மெடிக்கல் போர்டு காகிதம் பெரும்பாலும் வீட்டில் இருக்காது. அவர் இருந்த படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீசுக்கு 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள் (மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர் என்றால் பெங்களூரு). கடிதத்தில் ஆர்மி நம்பரைப் பெரிதாக எழுதுங்கள். சித்தப்பா டிஸ்சார்ஜ் புக்கில் 'வட ஆற்காடு மாவட்டம்', ஆதாரில் 'வேலூர்', பெயருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல். மாவட்டம் 1989-ல் பிரிந்தது, 2019-ல் மறுபடி மூன்றானது என்று யாருக்கு விளக்குவது? பெயர் வித்தியாசத்துக்கு மட்டும் ஒரு அஃபிடவிட் போட்டுவிட்டோம்.

வேலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மேல்முறையீட்டு மனு எழுத உதவுவார்கள். அதிலும் மறுத்தால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். வக்காலத்தில் கையெழுத்து வாங்க வக்கீல் குமாஸ்தாவை இல்லத்துக்கே அழைத்துப் போங்கள். சித்தப்பாவுக்குக் கை நடுங்கியதால் இடது பெருவிரலை நான் பிடித்துக்கொள்ள, ரேகை வைத்தோம். முதல் தாளில் மை அப்பிவிட்டது, இரண்டாவது சரியாக விழுந்தது.

அப்புறம், உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் காட்டும் வாழ்நாள் சான்றிதழ். நவம்பரில் அது போகாவிட்டால் வருகிற ஓய்வூதியமும் நின்றுவிடும். படுக்கையில் இருப்பவருக்குத் தபால்காரரே வந்து 70 ரூபாய்க்குச் செய்துகொடுப்பார். ரேகை தேய்ந்திருந்தால் செல்போனில் முகம் காட்டியும் செய்யலாம். கண்ணைச் சிமிட்டச் சொல்லும், நல்ல வெளிச்சத்தில் தலையணையை உயர்த்தி வைத்துச் செய்யுங்கள்.