அம்மாவின் கண் சொட்டு இரண்டே வாரத்தில் தீர்ந்துபோகிறதா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 67. "கண்ணுல பிரஷர்" என்று சொல்லி, தினமும் இரவு இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு லேட்டனோபுரோஸ்ட் போடச் சொன்னார்கள். "பார்வை நல்லாத்தானே இருக்கு" என்று பாதி நாள் விட்டுவிடுகிறார். போடுகிற நாளிலும் கன்னத்தில்தான் வழிகிறது. 2.5 மி.லி. பாட்டில் இரண்டு வாரம்கூட வருவதில்லை. ஆபரேஷன் செய்துவிட்டுச் சொட்டை நிறுத்தலாமா? எனக்கு 43 வயது. நானும் பார்த்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே வேண்டாம். பார்வை நன்றாக இருக்கும்போதே போட வேண்டிய மருந்து இது. கண் நீர் அழுத்த நோயில் (கிளாக்கோமா) பார்வை நரம்பு கெட்டு, பார்வை பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான் கரையும். நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். அதனால் பேப்பர் படிப்பார், டிவி பார்ப்பார். பக்கத்தில் வரும் வண்டியும் படியின் விளிம்பும்தான் தவறும். ஒரு கண் இழந்ததை இன்னொரு கண் ஈடுகட்டுவதால் அதுவும் வெகுநாள் தெரியாது.

கண்புரைக்கு லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பிவிடும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் இதற்கும் அப்படியே எதிர்பார்க்கிறார்கள். இங்கே லேசரும் அறுவை சிகிச்சையும் அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே. பட்டுப்போன நரம்பு துளிர்க்காது. சிலருக்கு லேசர் செய்தபின் சொட்டின் தேவை குறையும். அம்மாவுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை சொட்டுதான் காவல்.

இனி பாட்டில் கணக்கு. 2.5 மி.லி.யில் சுமார் 80 சொட்டு இருக்கும். மாதத்துக்கு 60 போதும். இரண்டு வாரத்தில் காலியானால் பெரும்பகுதி கண்ணுக்குள் போகவில்லை என்று அர்த்தம். இரண்டு மூன்று சொட்டு விட்டாலும் பயனில்லை; ஒரு சொட்டிலேயே கீழ் இமைக்குழி நிறைந்துவிடும், மிச்சம் வழியத்தான் செய்யும்.

கையைக் கழுவிக்கொண்டு, அம்மாவைத் தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்தால் சின்னப் பள்ளம் விழும். பாட்டில் முனை கண்ணிலோ இமை முடியிலோ படாமல், ஒன்றிரண்டு செ.மீ. மேலிருந்து ஒரே ஒரு சொட்டு. உடனே கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய உள்மூலையை விரலால் 2 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதைத்தான் பலரும் செய்வதில்லை. அழுத்தாவிட்டால் மருந்து கண்ணீர்க்குழாய் வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் போய்விடும். இறுக்கி மூடினாலும், படபடவென்று இமைத்தாலும் வெளியே தள்ளிவிடும். வேறு சொட்டும் இருந்தால் 5 நிமிடம் இடைவெளி விடுங்கள்.

சொட்டைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்கிறாரா? மூடியபடியே இருக்கட்டும். உள்மூலையில் ஒரு சொட்டு விட்டுவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள், உள்ளே இறங்கிவிடும்.

ஒரு வேளை தவறினால் மறுநாள் இரட்டிப்பாகப் போடாமல் வழக்கம்போல் போடுங்கள். செக்கப் போகும் நாளுக்கு முந்தின இரவும் விடக்கூடாது. மருந்தோடு அழுத்தம் எவ்வளவு என்பதுதான் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். பிரிக்காத லேட்டனோபுரோஸ்ட் பாட்டில் பொதுவாக ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். பிரித்த தேதியை மேலே எழுதி ஒட்டுங்கள்; அட்டையில் போட்டிருக்கும் வாரக்கணக்கு முடிந்ததும், மருந்து மிச்சமிருந்தாலும் எறிந்துவிடுங்கள்.

கண் லேசாகச் சிவப்பது, இமை முடி நீள்வது, கண்ணைச் சுற்றிக் கறுப்பது இந்த மருந்தில் வருவதுண்டு. அதற்குப் பயந்து நிறுத்தாமல், மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். மாற்று மருந்தாக டிமோலால் எழுதினால், ஆஸ்துமாவோ இதயத்துடிப்புக் குறைவோ இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது இரண்டையும் மோசமாக்கும். கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு ஆபத்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால் அழுத்தம் ஏறிவிடும். கடுமையான கண்வலியோடு வாந்தி வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்களுக்கும், 40 தாண்டிய உடன்பிறப்புகளுக்கும் பரிசோதனை கட்டாயம் வேண்டும். இது குடும்பத்தில் வரும் நோய். எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு வந்தால் போதாது. கண் அழுத்தம் பார்த்து, கண் பாப்பாவை விரிவாக்கிப் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணமாக அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. (பாதரச அளவு) வரை இருக்கும். ஆனால் அதற்குள் இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு என்பதால், "பிரஷர் நார்மல்" என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பிவிடாதீர்கள்.