நீல விளக்கு எரிந்தால் ஹீற்றர் சுடாது

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: 2008 டொயோட்டா விட்ஸ் கார் வைத்திருக்கிறோம். தை மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நுவரெலியா போனோம். ஹீற்றர் குமிழைச் சிவப்புப் பக்கம் முழுதாகத் திருப்பியும் குளிர்காற்றுத்தான். கிரகரி வாவிப் பக்கம் நிறுத்தியிருந்தபோது கொஞ்சம் சூடு வந்தது. ஹக்கல பக்கம் இறங்கத் தொடங்கியதும் அதுவும் போய், மீற்றரில் நீல விளக்கும் எரிந்தது. ஏசி நன்றாக வேலை செய்கிறது. கராஜில் கேட்டால் "கொழும்பில் ஹீற்றர் எதற்கு?" என்று சிரிக்கிறார்கள்.

சிரிக்கட்டும். உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது. நின்றால் சூடு, ஓடினால் குளிர், கூடவே நீல விளக்கு. எஞ்சின் தண்ணீர் சூடேறவில்லை என்பதைச் சொல்லத்தான் அந்த நீல விளக்கு. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் சிறிது நேரம் எரிந்து அணைய வேண்டியது, ஓடும்போது திரும்ப எரிந்தால் என் சந்தேகம் முழுக்க, எஞ்சின் தண்ணீரின் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் மேல்தான். ஒன்று அது திறந்தபடி சிக்கியிருக்கும், அல்லது யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள்.

இரண்டாவதுதான் இங்கே அதிகம். "இந்த வெயிலுக்கு அது தேவையில்லை, கழற்றினால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும்" என்பது நம் ஊரில் பழைய பேச்சு. போன வருடம் என்னிடம் வந்த ஒரு காரில் தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தால் உள்ளே ரப்பர் வளையம் மட்டும் இருந்தது. அதே காரில் ஹீற்றருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் ஒரு துண்டுக் குழாயால் இணைத்து, கிளிப் போட்டு இறுக்கியும் வைத்திருந்தார்கள். ஒழுகலை நிறுத்தச் சுருக்கு வழி! சொந்தக்காரர் 4 வருடம் அது தெரியாமலே காலி வீதியில் ஓடியிருக்கிறார்.

ஹீற்றருக்கென்று பெற்றோல் கார்களில் தனி அடுப்பு கிடையாது. எஞ்சினைச் சுற்றிவரும் சுடுநீரில் ஒரு பங்கு, டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சின்ன ரேடியேற்றர் ஒன்றுக்குள் போய் வரும். அதன் மேல் ஊதும் காற்றுத்தான் உங்களுக்கு வருவது. தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 82 பாகை வரும்வரை தண்ணீரைப் பெரிய ரேடியேற்றருக்கு விடாமல் பிடித்துவைக்கும். அது இல்லாவிட்டால், கொழும்பு நெரிசலில் வித்தியாசம் தெரியாது. 1,868 மீற்றர் உயரத்தில், இரவுக் குளிரில், எஞ்சினுக்கு வேலையில்லாத இறக்கத்தில் தெரியும்.

எதையும் வாங்குமுன் ஒரு சோதனை. கார் கால் மணி நேரம் ஓடிய பிறகு, ஹீற்றரை முழுச் சூட்டில் வைத்து பொனற்றைத் திறங்கள். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகரச் சுவருக்குள் இரண்டு ரப்பர் ஹோஸ் போகும். தடித்த துணியைச் சுற்றி இரண்டையும் தொட்டுப் பாருங்கள். ரேடியேற்றர் மூடியில் மட்டும் கை வைக்க வேண்டாம், வெந்துவிடும். மின்விசிறியும் தானாகச் சுழலும்.

இரண்டும் நல்ல சூடு என்றால் தண்ணீரில் குறையில்லை, டாஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பும் கதவுதான் அசையவில்லை. வருடம் முழுக்க நீலப் பக்கத்திலேயே நிற்கும் குமிழ், அதன் கம்பி இறுகியோ கழன்றோ இருக்கலாம். ஒன்று சூடு, மற்றது வெதுவெதுப்பு என்றால் சின்ன ரேடியேற்றர் அடைத்திருக்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டுக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய கார்களில் இதைப் பார்த்தே அலுத்துவிட்டது. கரையோரக் கிணறுகளில் உப்பு, உள்ளே எல்லாம் துரு. ஹோஸைக் கழற்றி, எதிர்த்திசையில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவலாம். கொம்ப்ரெஷர் காற்றை அடிக்க விடாதீர்கள், பழைய கோர் (அந்தச் சின்ன ரேடியேற்றர்தான்) வெடித்துவிடும்.

உங்களுக்கு நேர்மாறாக, ஓடும்போது சூடு, நின்றால் குளிர் என்று வந்தால் தண்ணீர் குறைவு அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. எஞ்சின் ஆறிய பிறகு அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுவதோடு விடாமல் எங்கே போகிறது என்று தேட வேண்டும். முன் இருக்கைக் கம்பளம் ஈரம், காருக்குள் இனிப்பான வாடை, கண்ணாடியில் எண்ணெய் பூசியதுபோல் மங்கல் என்றால் கோர்தான் ஒழுகுகிறது.

சரி, உங்கள் காருக்கு வருவோம். தெர்மோஸ்டாட் கூட்டைத் திறக்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். உள்ளே தெர்மோஸ்டாட் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து, நூலில் கட்டி, சட்டித் தண்ணீரில், அடியில் படாமல் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். ஆறியிருக்கும்போது மூடியிருந்து, ஏறக்குறைய 82 பாகையில் திறந்தால் அது நல்லது. ஆறியிருக்கும்போதே வாய் திறந்திருந்தால் அது செத்துவிட்டது. புதிது பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். பழையதில் பொறித்துள்ள பாகை எண்ணைப் பார்த்து அதே எண் வாங்குங்கள், ரப்பர் வளையமும் புதிதாகவே போடுங்கள். பெரும்பாலானவற்றில் ஓரத்தில் ஆடும் ஒரு சிறு ஊசி இருக்கும், அது மேல் பக்கம் வரவேண்டும். காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். கடைசியில் கூலன்ட் ஊற்றும்போது காரின் மூக்கு உயர்ந்திருக்கட்டும், ஹீற்றர் முழுச் சூட்டில் இருக்கட்டும், குமிழிகள் அடங்கும்வரை பொறுங்கள்.

கராஜ்காரர் மறுபடி சிரித்தால் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அடியைக் காட்டச் சொல்லுங்கள். சூடேறாமலே ஓடும் எஞ்சினில் ஈரம் ஆவியாகாமல் எண்ணெயோடு கலந்து, பால் தேத்தண்ணி நிறத்தில் பசையாக ஒட்டியிருக்கும். பெற்றோலும் கூடப் பிடிக்கும், ஏனென்றால் குளிர்ந்த எஞ்சினுக்குக் கொம்பியூட்டர் எரிபொருளைக் கூட்டித்தான் கொடுக்கும். ஹீற்றரை மறந்துவிட்டாலும் இது நட்டம்தான். ஒரு வேளை அதே நிறப் பசை நிறைய இருந்து, கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு கதை, எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள ஹெட் கஸ்கற்றைப் பார்க்க வேண்டும்.

டொயோட்டா அக்வா ஹைபிரிட் கார் வைத்திருக்கும் அக்கம்பக்கத்தார் கேட்டால்: ஹைபிரிட்டில் எஞ்சின் அடிக்கடி நின்றுவிடும், அதனால் காற்று சிறிது நேரம் மந்தமாக வருவது பழுதல்ல.

வேலை முடிந்ததும் பார்க்க நுவரெலியா வரை போகத் தேவையில்லை. விடியற்காலை கொட்டாவையில் ஏறி கஹதுடுவை வரை அதிவேகப் பாதையில் ஓடுங்கள். சமையலறை வெப்பமானியை டாஷ்போர்டுக் காற்று வாயில் செருகி வையுங்கள், 50 பாகைக்கு மேல் ஏறி அப்படியே நின்றால் சரி. அம்மாவை இந்தச் சோதனைக்குக் கூட்டிப்போக வேண்டாம், வியர்த்துக் கொட்டும்.