மரபணு இருந்தால் பள்ளி என்ன செய்யும்?

கேள்வி: நானும் கணவரும் பருமனானவர்கள். மகனுக்கும் அதே மரபணுதானே, பள்ளியில் விளையாட வைப்பதால் என்ன பயன்?

பதில்: நிச்சயம் பயன் உண்டு அம்மா. பருமனோடு தொடர்புள்ளது என்று 2007-இல் தெரியவந்த எஃப்டிஓ (FTO) என்ற மரபணுவின் எடை கூட்டும் வகை, பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்திருந்தால்கூட, பெரியவர்களிடம் சராசரியாகக் கூடுவது சுமார் 3 கிலோதான், அதுவும் பெரும்பாலும் பசியைத் தூண்டி. உடலுழைப்பு இருந்தால் அந்தப் பாதிப்பும் குறைகிறது. தினமும் 60 நிமிடம் ஓடியாடட்டும். அப்புறம், பள்ளியில் இனிப்புப் பானங்களுக்குப் பதில் தண்ணீர் கிடைக்கிறதா என்று கேளுங்கள், பசி அதிகமுள்ள பிள்ளைக்குக் கண்ணெதிரே இருப்பதுதான் பெரிய சோதனை. ஆனால் அவனை மட்டும் தனியாக நிறுத்தி எடை பார்க்க விடாதீர்கள், பள்ளியின் எந்தத் திட்டமும் வகுப்பு முழுவதற்கும் இருக்கட்டும்.