டெட்டனஸில் உடம்பு ஏன் விறைக்கிறது?

தர்மபுரியில் நர்சிங் படிக்கும் தங்கைக்கு: டெட்டனஸ் கிருமியின் நஞ்சு நரம்பணுவின் சுரப்பைத் தடுக்கிறதென்றால் தசை தளரத்தானே வேண்டும், ஏன் விறைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. எந்த நரம்பணுவைத் தடுக்கிறது என்பதுதான் விஷயம்.

தசையை அடக்கும் செய்தியைக் கொண்டுபோகும் கிளைசின், காபா ஆகிய அமினோ அமிலங்கள் நரம்பு முனையில் சின்னச் சின்னப் பைகளில் அடைபட்டிருக்கும். மின் துடிப்பு வந்ததும் கால்சியம் உள்ளே பாயும். உடனே பை செல் சவ்வோடு ஒட்டிச் சரக்கை வெளியே கொட்டிவிடும். அப்படி ஒட்டுவதற்குச் சினாப்டோபிரெவின் என்ற புரதம் வேண்டும். நஞ்சு வெட்டுவது அதைத்தான். அதுவும் காயத்திலிருந்து தண்டுவடம் வரை ஏறிப்போய், தசையை அடக்கி வைக்கும் நரம்பணுக்களுக்குள் புகுந்து வெட்டுகிறது. பிரேக் போய்விட்டால் தசை இறுகாமல் என்ன செய்யும்?

நீங்கள் சொல்லும் தளர்ச்சி பொட்டுலினம் நஞ்சில் வரும். அது, தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலினைத் தசையருகிலேயே நிறுத்துகிறது.

அப்புறம், துருப்பிடித்த ஆணி மட்டும்தான் ஆபத்து என்று எழுதியிருந்தீர்கள். கிருமி இருப்பது மண்ணில். போச்சம்பள்ளி மாந்தோப்பில் முள் குத்தி வந்தவரிடமும் டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டார் என்று கேளுங்கள்.