கொம்பு, கரண்ட், கதிரை: வாசகர் கேள்வி பதில்

டைப்செட்டிங் கடை வைத்திருக்கும் வாசகர், அக்கரைப்பற்று: பாமினியில் அடித்த கடிதத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால், வாங்கியவரின் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. கடையில் பத்து வருடக் கோப்புகள் இருக்கின்றன. அவ்வளவையும் திருப்பி அடிப்பதா?

வேண்டாம். ஆனால் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். திரையில் 'அம்மா' என்று நிற்பது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டிவிடுகிறது. எழுத்துரு இல்லாத போனில் வேஷம் கலைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

வாசிக்க மட்டும் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், எழுத்துரு கூடவே போகும். ஆனால் அந்தப் பிடிஎஃப்பில் தேட முடியாது, அதிலிருந்து பிரதி எடுத்து ஒட்டினாலும் பழைய குப்பைதான் வரும். திருத்தவும் தேடவும் வேண்டிய கோப்பை பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு, அதாவது எல்லாப் போனுக்கும் தெரிந்த பொது எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றியே ஆக வேண்டும். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு. மாற்றியபின் பிழை பார்ப்பதில்தான் உங்கள் வேலை.

முதலில் அடையாள அட்டை இலக்கங்களைப் பாருங்கள். பழைய அட்டையில் 9 இலக்கத்துக்குப் பின்னால் வரும் ஆங்கில 'வீ' எழுத்து, பாமினியில் 'ஏ'யின் விசை. கருவிக்கு வித்தியாசம் தெரியாது. 'வீ' எல்லாம் 'ஏ' ஆகிவிடும், 'எக்ஸ்' இருந்தால் 'ஓ' ஆகும். ஆங்கிலத்தில் அடித்த விலாசத்தின் காற்புள்ளி 'இ' ஆகிவிடும். ஆகவே ஆங்கிலத் துண்டுகளை முதலே வெட்டி வைத்துவிட்டு, மாற்றியபின் ஒட்டுங்கள். அடுத்தது கொம்பு. பாமினியில் 'பெயர்' என்பதற்குக் கொம்பை முதலில் அடிக்கிறோம். யூனிகோட்டில் 'ப' முதலில், கொம்பு பிறகு. தரமில்லாத கருவி இதைக் குழப்பினால் கொம்பு புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். இன்னொன்று, பார்வைக்கு ஒன்றுதானே என்று 'ர்' வரும் இடத்தில் அரவை ('ா' குறியை) அடித்து மேலே புள்ளி வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தாளில் அது தெரியாது, மாற்றினால் பல்லிளிக்கும்.

இனி அடிப்பதை யூனிகோட்டிலேயே அடியுங்கள். கை பழகிய பாமினி விசை அமைப்பை விடத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருளில் பாமினி விசைகளாலேயே யூனிகோட் எழுதலாம். பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் மட்டும் இதை ஏற்காது. அச்சகங்கள் பாமினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். இன்டிசைனில் எழுத்து உடைந்தால் பந்தி அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி கொம்போசர்' என்பதைத் தெரிவு செய்யுங்கள், சரியாகிவிடும்.

ஓய்வுபெற்ற லிகிதர், கல்லடி: கூரை நிறைய சோலார் தகடு. உச்சி வெயிலில் கரண்ட் போனாலும் வீட்டில் மின்விசிறி நிற்கிறது. கம்பனி ஏமாற்றிவிட்டதா?

ஏமாற்றவில்லை. விற்கும்போது சொல்லாமல் விட்டிருப்பார்கள், அதுவே ஒரு குற்றம்தான். உங்களிடம் இருப்பது லைனோடு மட்டும் வேலை செய்யும் இன்வேட்டர். மின் விநியோக நிறுவனத்தின் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் லைனில் இருந்தால்தான் அது ஓடும். லைன் செத்தால் 2 செக்கனுக்குள் நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் கையில் உங்கள் கூரைக் கரண்ட் போய்ச் சேரும்.

கரண்ட் போனாலும் வெளிச்சம் வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வேட்டரும் பற்றரியும் தேவை. கணக்கை நீங்களே போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். நான்கு மின்விசிறி 240 வாட், ஆறு எல்இடி 60 வாட், ரவுட்டர் 10 வாட், குளிர்சாதனப் பெட்டி சராசரியாக 60 வாட், மொத்தம் 370. லித்தியம் அயன் பொஸ்பேட் பற்றரி 51.2 வோல்ட், 100 அம்பியர் மணி என்றால் 5.12 கிலோவாட் மணி. அதில் 80 வீதத்தைப் பாவித்தால் ஏறத்தாழ 4.1. ஆக 11 மணித்தியாலம் ஓடும். கிணற்று மோட்டரை இந்தப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 1000 வாட் அளவுதான், கிளம்பும் கணத்தில் அதன் ஐந்தாறு மடங்கு இழுத்து இன்வேட்டரை விழுத்திவிடும். அவசிய விளக்கு, விசிறி, பிளக்குகளைத் தனிப் போர்டுக்குப் பிரிக்கச் சொல்லுங்கள். பலர் கவனிக்காத ஒன்று: லைன் இல்லாமல் பற்றரியில் ஓடும் நேரத்தில் நியூட்ரலும் ஏர்த்தும் இன்வேட்டர் பக்கத்தில் இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கசிவு வந்தாலும் டிரிப் சுவிட்ச் விழாமல் போகலாம். வேலை முடிந்ததும், மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, டிரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அமத்துவதோடு நிற்காமல், அதற்கான டெஸ்டர் கருவியால் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். இன்வேட்டரை மாற்றுவதை மின் விநியோக நிறுவனத்துக்குத் தெரியாமல் செய்யவும் வேண்டாம்.

கல்லடியில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடற்காற்றில் சாதாரண ஆணி, நட்டு துருப்பிடிப்பது மட்டுமில்லை. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். 316 ரக ஸ்டெயின்லெஸ் நட்டு போல்ட்டுக்கு ஆகும் மேலதிகச் செலவில் கை வைக்காதீர்கள்.

அவரே: 2025இல் இலங்கை முழுதும் கரண்ட் போய் இருண்டதற்குக் குரங்கு காரணமா, எங்கள் சோலார் காரணமா?

குரங்கு தொடக்கி வைத்தது. பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில். ஞாயிறு என்பதால் மின் தேவை குறைவு, வெயில் உச்சம் என்பதால் சோலார் அதிகம். பெரிய சுழலிகள் ஓடும்போது அவற்றின் பாரமே அதிர்வெண் சட்டென்று விழாமல் தாங்கும். சோலாருக்குச் சுழலும் பாரம் இல்லை. தாங்க ஆளில்லாத நேரத்தில் அந்த அடி விழுந்தது. அதே பயத்தில்தான் அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி கேட்டார்கள். கூரைக்காரரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அனுமதியை வாரி வழங்கிவிட்டு, சேமிக்கும் பற்றரிக்கு வழி செய்யாமல் இருந்தது திட்டமிட்டவர்களின் பாடு.

உயர்தர மாணவர், கல்முனை: 'அன்லிமிட்டட்' பக்கேஜ் போட்டோம். மாத முடிவில் சூம் வகுப்பு நின்று நின்று வருகிறது.

அளவுக்குத்தான் எல்லையில்லை, வேகத்துக்கு உண்டு. குறித்த ஜிபி தாண்டியதும் வேகத்தை இறக்கிவிடுவார்கள். அது சின்ன எழுத்தில் இருக்கும். விளம்பரத்தின் 20 எம்பிபிஎஸ் என்பது பிட், உங்கள் கோப்பின் எம்பி என்பது பைட், 8 பிட்டுக்கு ஒரு பைட். 700 எம்பி பாட வீடியோ 20இல் 280 செக்கனில் இறங்கும். 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிட்டால் 5600 செக்கன், ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல். வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை ஜிபிக்குப் பிறகு இறங்கும், எத்தனைக்கு இறங்கும்? இரண்டாவதற்கு இலக்கம் சொல்லாத கவுண்டரில் கையெழுத்து வைக்காதீர்கள். ஜிபி மிச்சம் இருந்தும் இரவு 8 மணிக்கு மட்டும் இழுபடுகிறதென்றால் அது கோபுர நெரிசல். விடியற்காலை 5 மணிக்கு ஒருமுறை, இரவு 8க்கு ஒருமுறை வேகம் அளந்து எழுதி வையுங்கள். முறைப்பாட்டில் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

ஆசிரியை, காரைதீவு: பாடநூலில் 'தொழினுட்பம்', பத்திரிகையில் 'தொழில்நுட்பம்'. பிள்ளைகள் அச்சுப்பிழை என்கிறார்கள்.

பிழையில்லை, புணர்ச்சி. லகர மெய்க்குப் பின் நகரம் வந்தால் நகரம் னகரமாகும். 'நல்' போலத் தனிக்குறிலை அடுத்து 'ல்' வந்தால் அதுவும் 'ன்' ஆகி இரட்டிக்கும்: நல் + நூல், நன்னூல். 'தொழில்' தனிக்குறில் சொல் இல்லையே, அதனால் 'ல்' கெட்டு ஒற்றை 'னு' மட்டும் நிற்கிறது. பரீட்சையில் பாடநூல்படி எழுதட்டும். இணையத்தில் தேடும்போது பிரித்து எழுதட்டும். தேடுபொறிக்கு நன்னூல் தெரியாது, இரண்டையும் வெவ்வேறு சொல்லாகப் பார்க்கும். கலைச்சொல்லாக்கத்தில் முன்னின்ற விபுலானந்தரின் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எமக்குச் சந்தோசம்.

வாசகர், ஆரையம்பதி: பிள்ளைகள் 'மறுகா' என்று சொல்வதில்லை, 'அப்புறம்' என்கிறார்கள். 'கதிரை' போய் 'சேர்' வந்துவிட்டது. எல்லாம் ரீவியால். தூய தமிழ் அழிகிறதே?

கதிரை தூய தமிழ் இல்லை, போர்த்துக்கேயச் சொல். மேசை, சப்பாத்து, அலுமாரி, யன்னல், பாண் எல்லாம் அவர்கள் தந்தவை. 1628இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டியவர்கள் அவர்கள். 1638இல் அதைப் பிடித்த ஒல்லாந்தரிடமிருந்து 'கந்தோர்' வந்தது. போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் பறங்கியர் இன்றும் நகரில் இருக்கிறார்கள். பெயர்ச்சொல் கடன் வாங்குவதால் மொழி நோகாது; 'கதிரையில இரு' என்று வேற்றுமை உருபை ஒட்டிவிட்டால் அது எங்கள் வீட்டுப் பிள்ளை.

நோவது வினைச்சொல் போகும்போது. 'வோஷ் பண்ணு', 'குக் பண்ணு', 'வெயிட் பண்ணு' என்று எல்லாவற்றையும் ஒரே 'பண்ணு' சுமக்கிறது. கழுவு, தோய், அலசு என்ற மூன்றும் மூன்று வேலை. சட்டியைத் தோய்ப்பதில்லை, சாரனை அலசாமல் காயப்போடுவதில்லை. 'வோஷ்' அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறது. 'வெளிக்கிடு' (ஆயத்தமாகிப் புறப்படு), 'கிறுகு' (திரும்பு) போன்றவை ரீவித் தமிழில் காதில் விழுவதே இல்லை. 'சேர்'ருக்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள். 'மறுகா'வுக்கும் திட்டிப் பயனில்லை. வீட்டில் நீங்கள் சொன்னால் அது காதில் விழும்.

ஆசிரிய பயிலுநர், செங்கலடி: 2024 பொதுத் தேர்தலில் மட்டக்களப்பில் தமிழரசுக் கட்சிக்கு 5இல் 3. பாதி வாக்கு இல்லாமல் பாதிக்கு மேல் ஆசனம் எப்படி?

போனஸ் ஆசனம். மாவட்டத்தில் அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஒன்றை முதலே கொடுத்துவிடுவார்கள். 5 வீதத்துக்குக் குறைந்த கட்சிகளின் வாக்கைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மிச்சமுள்ள 4 ஆசனத்தால் வகுப்பார்கள். விளங்குவதற்கு ஒரு கற்பனைக் கணக்கு: மிஞ்சிய வாக்கு 2,00,000. ஓர் ஆசனத்தின் விலை 50,000. 'அ' கட்சி 90,000, 'ஆ' 60,000, 'இ' 50,000. 'அ'வுக்குப் போனஸ் 1, வகுத்ததில் 1, மீதி 40,000. 'ஆ'வுக்கு 1, மீதி 10,000. 'இ'க்கு 1, மீதி இல்லை. கடைசி ஆசனம் பெரிய மீதிக்கு, அதாவது 'அ'வுக்கு. 45 வீதத்துக்கு 3 ஆசனம்.

மட்டக்களப்பில் மற்ற இரண்டும் தேசிய மக்கள் சக்திக்கும் முஸ்லிம் காங்கிரஸுக்கும் போயின. 22 தேர்தல் மாவட்டங்களில் தேசிய மக்கள் சக்தி முதலாவதாக வராத ஒரே மாவட்டமும் இதுதான். சிறிய மாவட்டத்தில் போனஸின் பாரம் அதிகம். 5இல் ஒன்று என்றால் 20 வீதம்.

வாசகி, சம்மாந்துறை: 'தவறி உங்களுக்கு ஒரு கோட் வந்திட்டு, அனுப்புங்க தாத்தா (அக்கா)' என்று தெரிந்தவரின் நம்பரிலிருந்து வந்தது. அனுப்பிவிட்டேன். வட்ஸ்அப் போய்விட்டது.

அந்த 6 இலக்கம் உங்கள் கணக்கின் சாவி. கேட்ட 'தெரிந்தவர்' முதலே பறிகொடுத்தவர். உடனே வட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் நம்பரைக் கொடுத்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் புதிய இலக்கத்தைப் போடுங்கள். போட்ட கணமே கள்ளன் வெளியே. நீங்கள் வைக்காத 'பின்' எனும் இரகசிய இலக்கத்தைக் கேட்டால், அது கள்ளன் வைத்தது. 7 நாள் பொறுத்தால் அது இல்லாமல் உள்ளே போகலாம். அதுவரை அவனாலும் பாவிக்க முடியாது. உள்ளே போனதும் 'லிங்க்ட் டிவைசஸ்' பார்த்துத் தெரியாததை நீக்குங்கள், இரட்டைச் சரிபார்ப்புக்கான 'பின்' இலக்கம் வையுங்கள். காசு கேட்டுச் செய்தி போயிருக்கும். உறவுகளுக்கு எழுத்தில் அறிவிக்காமல் கோல் எடுத்துக் குரலில் சொல்லுங்கள்.

வியாபாரி, வாழைச்சேனை: பழைய போன் வாங்க முன் எதைப் பார்ப்பது?

*#06# அடித்தால் வரும் 15 இலக்கம் பெட்டியிலும் பற்றுச்சீட்டிலும் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். ஆங்கிலத்தில் ஐஎம்ஈஐ என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். பற்றுச்சீட்டு தர மறுக்கும் கடையைப் பற்றி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு முறையிடுங்கள்.

அதே வியாபாரி: கேட்காமலே எல்லாக் கட்சியும் என்னைத் தங்கள் வட்ஸ்அப் குழுவில் சேர்க்கிறார்கள்.

செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ். அதில் 'மை கொன்டக்ட்ஸ் எக்செப்ட்' என்பதைத் தொட்டு, எல்லாப் பெயரையும் ஒன்றாகத் தெரிவு செய்துவிடுங்கள். பிறகு யாரும் நேரே சேர்க்க முடியாது, அழைப்புத்தான் அனுப்பலாம். தொடாமல் விட்டால் 3 நாளில் அது காலாவதி.