போர் நடக்கும் நாட்டை விட்டுத் தலைவர்கள் மட்டும் தப்பிப்போவது எந்த வகையில் நியாயம்?

தாலிபான்களிடம் காபூல் வீழ்ந்த அன்று ஆப்கானிஸ்தான் அதிபர் அஷ்ரப் கனி விமானம் ஏறிப் போனதைச் சொல்லி இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். செய்தியைப் பார்த்த கோபத்தில் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கோபம் எங்கள் வீட்டில் எனக்கு முன்பே இருந்தது. ஆனாலும் தப்பிப்போவதையே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். தாம் கிளம்பும் நாள் வரை மற்றவர்களைப் போகவிடாமல் நிறுத்தி வைப்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கனியும் 2021 ஆகஸ்ட் 14 அன்று படைகளை மீண்டும் திரட்டப்போவதாகத் தொலைக்காட்சியில் பேசிவிட்டு, மறுநாள் போய்விட்டார்.

என் அப்பத்தா ரங்கூனில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் சிவகங்கைப் பக்கத்திலிருந்து போய் அங்கே ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசியதும், இவர்களும் ஆயிரக்கணக்கானோரோடு சேர்ந்து புரோம் சாலையில் நடக்கத் தொடங்கினார்கள். இந்தியக் கூலிகள் போய்விட்டால் துறைமுகமும் ஆலைகளும் நின்றுவிடும் என்பதால், பாதுகாப்பு உண்டு என்று பேசி அவர்களை பர்மாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசாங்கம் திருப்பியனுப்பியது. இந்திய ஆண்கள் டெக் டிக்கெட்டில், அதாவது மேல்தளத்தில் பயணிக்கும் மலிவான சீட்டில், கப்பலேறவும் தடை வந்தது. அதற்கு மேல் வகுப்பில் சீட்டு வாங்க வசதியுள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. கணவரை விட்டுவிட்டுக் கப்பலேற அப்பத்தாவின் தாயார் சம்மதிக்காததால், பிப்ரவரியில் குடும்பம் முழுவதும் மறுபடி நடந்தது. புரோமிலிருந்து அரக்கான் மலையைக் கடந்து டாங்கப் போகிற அந்தப் பாதையில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, காலரா இருந்தது. அப்பத்தாவின் தம்பியை மலையிலேயே புதைத்துவிட்டு, அக்யாப் போய், அங்கிருந்து படகில் சிட்டகாங் வந்து சேர்ந்தார்கள்.

1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மாவின் பிரிட்டிஷ் ஆளுநர் ரெஜினால்ட் டோர்மன்-ஸ்மித் வடக்கே மேமியோவுக்கும் பிறகு மியிட்சினாவுக்கும் நகர்ந்து, மே மாதத் தொடக்கத்தில் அங்கிருந்து விமானத்தில் இந்தியா வந்து, சிம்லாவில் பர்மா அரசாங்கத்தை நடத்தினார். நடந்தவர்களிலும் பாகுபாடு இருந்தது: எல்லை ஊரான தாமு வழியாக மணிப்பூருக்கு வந்தவர்களில் ஐரோப்பியருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு வேறொரு பாதை என்று ஒதுக்கியதைக் காந்தியே கண்டித்தார். அந்த ஆண்டு பர்மாவை விட்டு வந்த இந்தியர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். எங்கள் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரிகூட இருந்ததாக நினைவில்லை.

ஆளுநர் ஜப்பானியரிடம் சிக்கியிருந்தால் யாருக்கு என்ன லாபம் என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான், அவர் இருக்க விரும்பியும் லண்டனின் உத்தரவால்தான் கிளம்பினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் ஆளுநர் ஷென்டன் தாமஸ் போகாமல் இருந்து கைதியானார். அதனால் அந்த ஊர் மக்களின் துன்பம் குறைந்துவிடவில்லை. அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல் விமானத்தை மறுத்து இம்பால் வரை நடந்தே வந்தார். படையை நடத்த வேண்டியவர் இப்படிக் காட்டுக்குள் நடக்கலாமா என்று அவரையும் விமர்சித்தார்கள். ஆகவே யார் இருந்தார், யார் போனார் என்ற கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கூலிகளுக்கும் குமாஸ்தாக்களுக்கும் டிசம்பரிலேயே கப்பலைத் திறந்துவிட்டிருந்தால், ஆளுநர் எந்த விமானத்தில் ஏறினார் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

பர்மியர்களின் நிலத்தை விழுங்கியவர்களுக்கு என்ன அனுதாபம் என்று எழுதப்போகிறவர்களுக்கும் ஒரு சொல். 1930களின் கடன் நெருக்கடியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு விளைநிலம் செட்டியார்களின் கைக்குப் போனது மெய். அதில் பர்மியருக்கு இருந்த ஆத்திரமும் நியாயமானது. ஆனால் மலையில் நடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்தமாக ஒரு செண்டு நிலமும் இல்லாதவர்கள்.

போர் முடிந்து 1945 அக்டோபரில் டோர்மன்-ஸ்மித் ரங்கூனுக்குத் திரும்பி அதே ஆளுநர் பதவியில் அமர்ந்தார். 1947இல் வந்த குடியேற்றச் சட்டத்தின்படி, அதே ஊருக்குத் திரும்ப அப்பத்தாவின் தகப்பனாருக்கு அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அது அவருக்குக் கிடைக்கவில்லை.