வாரத்தில் ஐந்து நாள் உருளைக்கிழங்கு: நிறுத்திவிடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் உருளைக்கிழங்குதான். ஒன்பது வயது மகன் வேறு காயைத் தொடவே மாட்டான். மாமியாருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. போன மாதம் எடுத்த பரிசோதனையில், சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டினினும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அவருக்கும் உருளை என்றால் உயிர். "கிழங்கு வாயு, உடம்பு போடும்" என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். நிறுத்திவிடட்டுமா மேடம்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நிறுத்த வேண்டாம் சகோதரி. எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை மட்டும் மாற்றுங்கள்.

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "நேற்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள்?" என்றுதான். "சாதம், சாம்பார், உருளை வறுவல்" என்பார்கள். "காய்?" என்றால், "அதான் உருளை இருக்கே" என்பார்கள். இங்கேதான் சிக்கல். 150 கிராம் உள்ள ஒரு நடுத்தரக் கிழங்கில் சுமார் 30 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 100 கிராம் வெந்த சோற்றில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இன்னொரு கரண்டி சோறு வைத்த மாதிரி ஆகிறது. அதனால் உருளை செய்கிற அன்று மாமியார் தட்டில் ஒரு கரண்டி சாதத்தைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் அவரைக்காயோ கீரையோ வையுங்கள்.

உடம்பு போடுவது பெரும்பாலும் எண்ணெயால். 100 கிராம் அவித்த கிழங்கில் 90 கலோரிகூட இல்லை. சிப்ஸாகப் பொரித்தால் அதே எடைக்கு 500ஐத் தாண்டும். 2025இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். வாரம் மூன்று முறை பிரெஞ்ச் ஃப்ரைஸ் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவித்தோ, மசித்தோ, சுட்டோ சாப்பிட்டவர்களிடம் அப்படிக் குறிப்பிடும்படியான கூடுதல் இல்லை. உருளைக்குப் பதில் முழுதானியம் சாப்பிட்டால் நல்லது என்றும், வெள்ளைச் சோறு சாப்பிட்டால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. நம் வீடுகளுக்கு இதுதான் முக்கியமான செய்தி என்று எனக்குப் படுகிறது.

வாயு என்பது எல்லோருக்கும் பொருந்தாது. நன்றாக வெந்த கிழங்கு பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடும். ஆறிய கிழங்கில் கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். சர்க்கரை மெதுவாக ஏற அது உதவும். சிலருக்கு வயிறும் உப்பும்.

மகன் விஷயத்தில் கவலை, உருளை தின்கிறான் என்பதில் இல்லை. பொட்டாசியம், ஓரளவு வைட்டமின் சி எல்லாம் அதில் உண்டு. ஆனால் வைட்டமின் ஏ கிட்டத்தட்ட இல்லை. கேரட்டைத் துருவி அவனுடைய உருளை மசாலில் சேர்த்துவிடுங்கள். வாரம் ஒருநாள் முருங்கைக்கீரையை உருவி அதிலேயே வதக்குங்கள்.

கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது சீக்கிரம் கருகும். அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் அதிகம் உண்டாகும். வெளிச்சம் படாத கூடையில் போட்டுவையுங்கள். பச்சை பாய்ந்தது, கசப்பது எதுவானாலும் தூக்கிப்போடுங்கள். அதிலுள்ள சோலனின் என்ற நச்சு வேகவைத்தாலும் போகாது.

கிரியேட்டினின் விஷயத்துக்கு வருகிறேன். மாமியாரின் பரிசோதனைச் சீட்டில் பொட்டாசியம் எவ்வளவு என்று பாருங்கள். இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு அதையும் எடுத்துவிடுங்கள். ஒரு நடுத்தரக் கிழங்கில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் அது நல்லது. தளர்ந்துவிட்டால் ரத்தத்திலேயே தங்கி இதயத் துடிப்பைக் கெடுக்கும். என் அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்த இரண்டு வருடமும் அம்மா உருளையை நிறுத்தவில்லை. தோல் சீவி, காசு போல மெலிதாக அரிந்து, பெரிய குண்டானில் நிறையத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, கஞ்சி வடிப்பது போல வடித்துவிடுவார். அப்புறம்தான் கடுகு தாளிப்பு. வாரத்துக்கு இரண்டு நாள், நான்கைந்து துண்டு. பொட்டாசியத்தில் பாதிக்குமேல் அந்தத் தண்ணீரோடு போய்விடும். மாமியாருக்கு இப்போது இது தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். தேவை என்றால், காய் வெந்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்துவைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.